சந்தை வந்தது, சம்பளம் வரவில்லை

பங்கும் பரஸ்பர நிதியும் விற்பவர்களுக்கு ஊர் ஒரு பொருட்டா? கணினித் திரை தூரத்தை ஒழித்துவிட்டது. ஆனால் சம்பளச் சீட்டில் தூரம் இன்னும் இருக்கிறது.

திருவனந்தபுரத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் தம்பானூரில்தான் இறங்குகிறார்கள். ஒரு பக்கம் 1931இல் கட்டப்பட்ட ரயில் நிலையம். எதிரே கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்து நிலையம். அதன் அருகில் லாரி பேக்கர் வடிவமைத்த, சுருண்டு சுருண்டு மேலேறும் இந்தியன் காபி ஹவுஸ். காலை ரயில்களில் நாகர்கோவிலிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வந்து குவியும் கூட்டத்தில் அரசு ஊழியர்கள், டெக்னோபார்க் பொறியாளர்கள், மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்று பல ரகம். அவர்களோடு கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் விண்ணப்பப் படிவங்கள் சகிதம் இன்னொரு ரகமும் உண்டு. பங்குத் தரகு நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் பரஸ்பர நிதிகளுக்கும் வாடிக்கையாளர் பிடித்துத் தரும் விற்பனைக்காரர்கள்.

இவர்கள் விற்கும் சரக்கு மும்பை நரிமன் பாயிண்டில் விற்கும் அதே சரக்கு. விலையும் நொடிக்கு நொடி ஒன்றே. எழுதித் தேறிய தேர்வும் ஒன்றே. தேசியப் பங்குச் சந்தைப் பயிற்சிக் கழகமான என்ஐஎஸ்எம் நடத்தும் தேர்வில் ஊருக்கு ஒரு பாடத்திட்டம் கிடையாது. ஆனாலும் வருமானமும் பதவி உயர்வும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் தேட வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

தொலைபேசிக் காலம்

பங்குச் சந்தைகள் ஊருக்கு ஊர் இருந்த காலம் ஒன்று உண்டு. மும்பையில் 1875இலேயே சந்தை பிறந்துவிட்டது. சென்னையில் செகண்ட் லைன் பீச்சில் ஒன்று. கொச்சியில் 1978இல் ஒன்று. கோயம்புத்தூரில் 1991இல் ஒன்று. திருவனந்தபுரத்துக்குச் சந்தை வாய்க்கவில்லை. இங்குள்ள துணைத் தரகர் கொச்சிக்கோ சென்னைக்கோ டிரங்க் கால் போட வேண்டும். அங்குள்ள தரகர் மும்பையைக் கேட்டுச் சொல்வார். விலை தெரிந்து, வாங்கி, பத்திரம் தபாலில் வந்து சேருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ஒவ்வொரு கையும் தன் பங்குக்கு ஒரு கமிஷனை எடுத்துக்கொள்ளும்.

வாடிக்கையாளருக்கு இது நஷ்டம். வேலை தேடுகிறவனுக்கோ இதுதான் சோறு. ஒவ்வொரு கை மாற்றத்துக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒவ்வொரு பிராந்தியச் சந்தையைச் சுற்றியும் தரகர், எழுத்தர், பத்திரம் சரிபார்ப்பவர் என்று ஒரு சிறு உலகம் பிழைத்தது.

தேசியப் பங்குச் சந்தை 1994இல் செயற்கைக்கோள் வழியே வணிகத்தைத் தொடங்கியதும் இந்த உலகம் ஆட்டம் கண்டது. மும்பைச் சந்தையும் 1995இல் கூச்சல் போட்டு வணிகம் செய்யும் வளையத்தைக் கைவிட்டுக் கணினிக்கு மாறியது. 1996இல் பத்திரங்கள் காகிதத்திலிருந்து கணக்குப் புத்தகத்துக்கு மாறத் தொடங்கின. திருவனந்தபுரத்தில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு மும்பை விலையில் வாங்கவும் விற்கவும் முடிந்தது. இனி பிராந்தியச் சந்தை எதற்கு என்ற கேள்வி எழுந்தது. ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் வணிகம் இல்லாத சந்தைகள் விலகிக்கொள்ள வழிசெய்து 2012இல் செபி விதி வகுத்தது. கோயம்புத்தூர் 2013இல், கொச்சி 2014இல், சென்னை 2015இல் கடையைக் கட்டின.

தூரம் ஒழிந்தால் வேலை பரவும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது நேர் எதிர். விற்பனை பரவியது, வேலையின் மேல்தட்டு குவிந்தது. ஆராய்ச்சி, காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஓய்வூதிய நிதிகளுக்கும் மொத்தமாக விற்பது, புதிய பங்கு வெளியீடுகளைக் கையாள்வது போன்ற பெரும் சம்பள வேலைகள் பணம் புழங்கும் முதலாளிகளுக்கு அருகில்தான் இருக்கும். அந்த முதலாளிகள் மும்பையில் இருக்கிறார்கள். நியூயார்க்கும் லண்டனும் இதே கதைதான். திருவனந்தபுரத்துக்கு மிஞ்சியது சில்லறை விற்பனை.

கொச்சி முந்திக்கொண்டது

கேரளத்துக்குள்ளேயே இரண்டாவது படிக்கட்டு ஒன்று இருக்கிறது. தலைநகரம் திருவனந்தபுரம் என்றாலும் பணத்தின் தலைநகரம் கொச்சியும் திருச்சூரும்தான். ஃபெடரல் வங்கி ஆலுவாயில். சவுத் இந்தியன் வங்கியும் தனலட்சுமி வங்கியும் திருச்சூரில். 1987இல் தொடங்கி, இந்தியாவில் இணைய வழிப் பங்கு வணிகத்தை முதலில் கொண்டுவந்த நிறுவனங்களில் ஒன்றான ஜியோஜித் கொச்சியில். சந்தை மூடப்பட்டாலும் அதைச் சுற்றி வளர்ந்த தரகுத் தொழில் கொச்சியை விட்டுப் போகவில்லை.

தலைநகரில் இருந்த ஒரு பெரிய வங்கித் தலைமையகம் பூஜப்புரையில் இருந்த ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர். அது 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. தங்கக் கடன் நிறுவனமான முத்தூட் ஃபின்கார்ப் போன்ற விதிவிலக்குகள் உண்டு. ஆனால் பொதுவாக, தம்பானூர்ப் பக்கத்தில் கிளை மேலாளராக உயர்ந்த ஒருவர் அதற்கு மேல் போக விரும்பினால் முதலில் கொச்சிக்கு மூட்டை கட்ட வேண்டும். அதற்கும் மேலே போக நினைத்தால் மும்பைக்கோ பெங்களூருக்கோ. சம்பள வித்தியாசத்தைவிட இந்தக் கூரைதான் இளைஞர்களை அதிகம் உறுத்துகிறது. தொடக்கச் சம்பளம் குறைவு என்பதை வீட்டு வாடகை குறைவு என்று சொல்லிச் சமாதானம் செய்துகொள்ளலாம். ஏறுவதற்குப் படியே இல்லை என்பதற்குச் சமாதானம் கிடையாது.

ஒரு கோடியின் கணக்கு

விற்பனைக்காரரின் வருமானம் இரண்டு பகுதி. ஒன்று நிலையான சம்பளம். மற்றது அவர் கொண்டுவரும் பணத்துக்கேற்ற ஊக்கத்தொகை அல்லது கமிஷன். ஊரின் கை இரண்டாவதில்தான் நீள்கிறது.

பரஸ்பர நிதியை எடுத்துக்கொள்வோம். முதலீட்டாளரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவதைச் செபி 2009 ஆகஸ்டில் தடுத்தது. 2013இல் விநியோகஸ்தர் இல்லாமல் நேரடியாக முதலீடு செய்யும் வழி திறந்தது. 2018 அக்டோபரில் முன்கூட்டியே மொத்தமாகக் கமிஷன் தருவதும் நிறுத்தப்பட்டது. இப்போது கிடைப்பது வாடிக்கையாளரின் பணம் நிதியில் இருக்கும்வரை ஆண்டுதோறும் சொட்டும் கமிஷன் மட்டுமே.

உதாரணத்துக்கு, அது ஆண்டுக்கு முக்கால் சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடி ரூபாய்க்கு 75,000 ரூபாய். மும்பையில் இந்த ஒரு கோடி ஒரே வாடிக்கையாளரிடம் கிடைக்கக்கூடும். இங்கே ஆளுக்கு 5 லட்சம் வீதம் இருபது பேரிடம் திரட்ட வேண்டும். கமிஷன் அதே 75,000. நடை இருபது மடங்கு. பேரூர்க்கடைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் பெட்ரோல் போட்டுப் போய்வரும் செலவு தனி.

ஆனால் இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் இருக்கிறது. மும்பைக்காரர் தன் ஒரே வாடிக்கையாளரை இழந்தால் மொத்தமும் போயிற்று. இருபது குடும்பங்கள் ஒரே நாளில் போய்விடுவதில்லை. பத்து ஆண்டு ஒரே ஊரில் பொறுமையாக உட்கார்ந்த விநியோகஸ்தர், அதே பத்து ஆண்டில் நான்கு நிறுவனம் மாறியவரைவிட நன்றாக இருப்பது அரிதல்ல. சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு இந்த ஆதாயம் இல்லை. வேலையை விட்டால் வாடிக்கையாளர் கணக்கு நிறுவனத்தோடு நின்றுவிடும்.

ஊருக்கு ஒரு கமிஷன்

ஊரைப் பொறுத்துக் கூலி மாறுவதை அரசு அமைப்பே ஒப்புக்கொண்ட கதையும் உண்டு. பரஸ்பர நிதிப் பணம் சில நகரங்களிலேயே குவிந்திருப்பதைக் கண்ட செபி, 2012இல் முதல் 15 நகரங்களுக்கு வெளியே திரட்டும் பணத்துக்காக நிதி நிறுவனங்கள் 0.30 சதவீதம் வரை கூடுதல் செலவு பிடித்துக்கொள்ள அனுமதித்தது. சிறு ஊர் விநியோகஸ்தருக்குக் கூடுதல் கூலி கிடைக்க இது வழி. முதல் 15 பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டும் இருந்தது. கேரளத்திலிருந்து ஒரு நகரமும் இல்லை. அதாவது திருவனந்தபுரம் சலுகைக்கு உரிய ஊர். 2018இல் கோடு முதல் 30 நகரங்களுக்கு நகர்ந்தது.

சலுகை இருக்கும் இடத்தில் சாமர்த்தியமும் முளைக்கும். கூடுதல் கமிஷனுக்காகப் பணம் துண்டு துண்டாகப் பிரிக்கப்படுகிறது, தேவையில்லாமல் திட்டம் விட்டுத் திட்டம் மாற்றப்படுகிறது என்ற சந்தேகம் எழுந்தது. 2023 மார்ச்சிலிருந்து ஏற்பாடு நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 நவம்பரில் செபி வேறொரு வடிவத்தை அறிவித்தது: முதல் 30 நகரங்களுக்கு வெளியே இருந்து புதிதாக வரும் தனிநபர் முதலீட்டாளரைச் சேர்த்தால் முதல் முதலீட்டில் 1 சதவீதம், அதிகபட்சம் 2,000 ரூபாய். எந்த ஊராக இருந்தாலும் புதிதாக வரும் பெண் முதலீட்டாளருக்கும் இது பொருந்தும். பணம் ஓராண்டாவது தங்க வேண்டும் என்பது நிபந்தனை.

போட்டி சிட்டியோடு

திருவனந்தபுரத்தில் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. தலைமைச் செயலகம், தும்பாவின் விண்வெளி மையம், பல்கலைக்கழகம், டெக்னோபார்க், வளைகுடா வருமானம் எல்லாம் இருக்கின்றன. ஓய்வூதியர்கள் நிறைந்த ஊர். ஆனால் அந்தப் பணத்துக்குப் பழகிய வழிகள் உண்டு. கேரளக் குடும்பங்களின் முதல் சேமிப்புப் பள்ளி சிட்டி. 1969இல் அரசே தொடங்கிய கேஎஸ்எஃப்இ அதன் பெரிய தலைமை ஆசிரியர். மாநில அரசின் கருவூலத்திலேயே பொதுமக்கள் வைப்பு வைக்கலாம். கூட்டுறவு வங்கி, தங்கம், நிலம் மீதி. பங்கு விற்க வந்தவர் இன்னொரு பங்குத் தரகரோடு போட்டியிடவில்லை. அரசு முத்திரையோடு போட்டியிடுகிறார்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. மாத இறுதியில் இலக்கு எட்டாத விற்பனைக்காரருக்கும், பணிக்கொடையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஓய்வூதியருக்கும் நடுவே ஒரு மேசைதான் இடைவெளி. மும்பையில் வகுத்த இலக்கை இந்த ஊரின் வருமானத்தோடு பொருத்திப் பார்க்காமல் சுமத்தினால், தகாத திட்டம் தகாத ஆளின் தலையில் விழும். சிறு ஊரில் இதன் தண்டனை சீக்கிரம் வருகிறது. ஒரு குடியிருப்பில் ஒருவர் ஏமாந்தால் அந்தத் தெருவே கதவை மூடிக்கொள்ளும்.

கைபேசி ஒன்று போதும் என்ற காலம் வேலையின் இன்னொரு தட்டையும் சாப்பிட்டுவிட்டது. 2010இல் பெங்களூரில் பிறந்த ஜெரோதா, 2015 இறுதியில் பங்கை வாங்கி வைத்துக்கொள்பவர்களுக்குத் தரகுக் கட்டணமே இல்லை என்று அறிவித்தது. கிளை அலுவலகத்தில் ஓய்வூதியர்கள் திரை முன் அமர்ந்திருக்க, அவர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்த டீலர் வேலைக்கு அன்றே மணி அடிக்கப்பட்டது. நாட்டின் டிமேட் கணக்குகள் 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டின. கணக்கு பெருகிய வேகத்தில் கிளைகளின் வேலை பெருகவில்லை.

அப்படியானால் தம்பானூரில் இறங்கும் பட்டதாரி என்ன செய்வது? வேலைக் கடிதத்தில் ஆண்டுத் தொகையைப் பார்த்து மயங்காமல் சிலவற்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. நிலையான சம்பளம் எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு? இலக்கு இந்தக் கிளையின் பழைய வணிகத்தை வைத்தா, நாடு முழுவதற்கும் ஒன்றா? மேலே போக இடமாற்றம் கட்டாயமா? இளமையில் நான்கைந்து ஆண்டு கொச்சியிலோ மும்பையிலோ தொழில் கற்று, பிறகு சொந்தப் பதிவு எண்ணோடு ஊர் திரும்புவது ஒரு வழி. தமிழும் மலையாளமும் ஒருசேரத் தெரிந்தவருக்குத் திருவனந்தபுரம் முதல் நாகர்கோவில் வரை சுமார் 70 கிலோமீட்டர் ரயில் பாதையே ஒரு தனிச் சந்தை. 1956இல் மாநில எல்லை வரையப்பட்டும் உறவும் வியாபாரமும் அந்தக் கோட்டில் நின்றுவிடவில்லை.

மும்பையில் சம்பளத்தை நிறுவனம் தீர்மானிக்கிறது. இங்கே அதை நாளடைவில் தீர்மானிப்பது தெருவின் நம்பிக்கை. அதை இடமாற்ற உத்தரவு போட்டு யாரும் மும்பைக்குக் கொண்டுபோக முடியாது.