பதில் வராத அஞ்சலட்டை

தொடக்க நிலையில் கண்டுபிடித்த மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களில் இத்தனை சதவீதம் பேர் ஐந்தாண்டு தாண்டியும் நலமாக இருக்கிறார்கள் என்று செய்திகளில் படிக்கிறோம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ ஈரோட்டிலோ அடையாறிலோ அறுவை முடிந்து வீடு திரும்பும் பெண்ணும் அவர் குடும்பமும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது அந்த எண்ணைத்தான். ஐந்தாண்டு கழித்து யாராவது அந்தப் பெண்களைத் தேடிப் போய், இருக்கிறார்களா, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் மட்டுமே அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. கேட்காமல் விட்டால் எவ்வளவு தவறும் என்பதைச் சென்னையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னை நகருக்கான புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்திவருகிறது. நோயாளி இறந்தாரா என்பதை அறிய முதல் வழி, மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு பெயரை ஒப்பிடுவது. அதில் பெயர் இல்லாதவர்களை என்ன செய்வது? உயிரோடு இருக்கிறார் என்று வைத்துக்கொள்வது சுலபம். பதிவேட்டுக்காரர்கள் அப்படி விடவில்லை. பதில் எழுதிப் போடத் தபால் கட்டணம் செலுத்திய அட்டை அனுப்பினார்கள், தொலைபேசியில் அழைத்தார்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் வீட்டுக்கே போனார்கள். 1990 முதல் 1999 வரை பதிவானவர்களை இப்படித் தேடியதன் முடிவை ஆர். சுவாமிநாதன், ஆர். ராமா, வி. சாந்தா மூவரும் 2008-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார்கள். எந்த உறுப்பில் புற்றுநோய் என்பதைப் பொறுத்து, இறப்புப் பதிவோடு பொருந்தியவர்கள் 20 முதல் 66 சதவீதம் வரைதான். பொருந்தாதவர்களைத் தேடிப் போனபோது, அவர்களிலும் 15 முதல் 43 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். தேடாமல் கணக்குப் போட்டிருந்தால் ஐந்தாண்டு உயிர்வாழும் விகிதம் 22 முதல் 47 சதவீதம் வரை கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

ஒரு புது மருந்து அவ்வளவு முன்னேற்றம் காட்டினால் உலகமே கொண்டாடும். இங்கே அந்த முன்னேற்றம் தேடாமல் விட்டதால் மட்டுமே வந்திருக்கும்.

உயிர்வாழ்வைக் கணக்கிட ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துவது எட்வர்ட் கப்லன், பால் மேயர் இருவரும் 1958-ல் தந்த முறை. பாதியில் தகவல் நின்றுபோனவர்களை அது தூக்கி எறிவதில்லை. கடைசியாகப் பார்த்த நாள் வரை கணக்கில் வைத்து, பிறகு விலக்குகிறது. விலகியவர்களுக்கும் மற்றவர்களைப் போலத்தான் நடந்திருக்கும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. கப்லனுக்கு இந்தக் கணக்கில் நாட்டம் வந்ததே, கடலடித் தொலைபேசிக் கம்பியில் பொருத்தும் வெற்றிடக் குழாய்கள் எவ்வளவு காலம் உழைக்கும் என்ற கேள்வியால்தான். குழாய் ஊர் மாறாது. உடம்பு முடியவில்லை என்று மருத்துவமனைக்கு வராமல் இருக்காது. பெண் அப்படியில்லை. நலமாக இருப்பதால் வராமல் போகிறவர் உண்டு, படுக்கையில் விழுந்ததால் வராமல் போகிறவரும் உண்டு. பின்னவர்கள் அதிகமென்றால் கணக்கு பொய்த்துவிடும்.

சேலம், நாமக்கல் பக்கத்தை நினைத்தால் இந்தக் கவலை இன்னும் கூடுகிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஆண்கள் வடமாநிலங்களுக்குப் போய் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். லாரி ஓட்டுபவர் வீட்டில் இருக்கும் நாள் குறைவு. மருத்துவமனைச் சீட்டில் கணவரின் கைப்பேசி எண் மட்டும் இருந்தால், அந்த சிம் மாறியதோடு மனைவியின் தடமும் போய்விடும். அடையாறிலோ வேலூரிலோ சிகிச்சை எடுத்த பெண் சொந்த ஊரில் வந்து இறந்தால், அது கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் ஏறும். சிகிச்சை கொடுத்த இடத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமானது. அதற்கு முன் ‘சேலம் மாவட்டம்’ என்று எழுதிய முகவரியை வைத்து ஒருவரைத் தேடுவதும் எளிதல்ல. சேர்க்கும்போதே உறவினர் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்று இரண்டு எண்கள் கூடுதலாக வாங்கி வைப்பதை நான் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன்.

இதுவரை சொன்னது உயிரைப் பற்றி. நோய் திரும்ப வந்ததா என்பதை அளப்பது இதைவிடச் சிக்கல். இறப்புக்குத் தேதி உண்டு, பதிவு உண்டு. நோய் திரும்பியதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவில்லை. பரிசோதனைக்கு வந்தால்தான் தெரியும். தெரிந்த நாள்தான் திரும்பிய நாளாக எழுதப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கப்படும் பெண்ணுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை வருபவரைவிட ‘சீக்கிரமே’ நோய் திரும்பியதாகக் கணக்கு காட்டும். எதையெல்லாம் திரும்பியதாகச் சேர்ப்பது என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு இருந்தது. அதே மார்பில் வந்ததா, மறு மார்பில் புதிதாக வந்ததா, எலும்புக்கோ ஈரலுக்கோ பரவியதா, வேறு நோயால் இறந்ததா? ‘நோயற்ற வாழ்வு’ என்ற ஒரே பெயரில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். 2007-ல் அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று இவற்றுக்குப் பொதுவான வரையறை வகுத்த பிறகே ஓரளவு ஒழுங்கு வந்தது.

ஒழுங்காக அளந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே தலைமையில் 11 மையங்களில் ஓர் ஆய்வு நடந்தது. தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களில் பாதிப் பேருக்கு, அறுவைக்குச் சில நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் செலுத்தினார்கள். பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுவார்களே, அதே மலிவான மருந்துதான். 1,583 பெண்களின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. ஐந்தாண்டில் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 86.6 சதவீதம், போடாதவர்களில் 82.6. உயிரோடு இருந்தவர்கள் 90.1 சதவீதம், 86.4 சதவீதம். நூற்றுக்கு நான்கு பேர். இரண்டு அளவும் ஒரே திசையில் நகர்ந்ததுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆனால் நான்கு சதவீத வேறுபாட்டைப் பார்க்க, ஆயிரத்தைந்நூறு பெண்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர வேண்டியிருந்தது. பத்து சதவீதம் பேர் தொலைந்திருந்தால் அந்த நான்கு அதற்குள்ளேயே மூழ்கியிருக்கும்.

ஐந்தாண்டு என்ற எல்லையும் போதாது. ஹார்மோனால் வளரும் வகைக் கட்டி கொண்ட 62,923 பெண்களின் விவரங்களை ஆக்ஸ்ஃபோர்டில் மையம் கொண்ட கூட்டு ஆய்வுக் குழு தொகுத்து 2017-ல் வெளியிட்டது. எல்லோரும் ஐந்தாண்டு ஹார்மோன் தடுப்பு மாத்திரை முடித்தவர்கள், அதுவரை நோய் திரும்பாதவர்கள். அதற்குப் பிறகும் இருபதாம் ஆண்டு வரை வருடா வருடம் சிலருக்கு உடலின் வேறு பகுதியில் நோய் தலைகாட்டியது. கட்டி சிறிதாக இருந்து, அக்குள் நிணநீர் முடிச்சுகளில் பரவாதிருந்தவர்களிலேயே 13 சதவீதம். கட்டி பெரிதாகி நான்கு முதல் ஒன்பது முடிச்சுகளில் பரவியிருந்தவர்களில் 41 சதவீதம். அஞ்சவைக்க இதைச் சொல்லவில்லை. சிறு கட்டிக்காரர்களில் பெரும்பாலோருக்கு அது திரும்பவே இல்லை என்பதும் இதே எண்ணில்தான் இருக்கிறது. ஐந்தாண்டு முடிந்ததும் கோப்பை மூடியிருந்தால் இரண்டு செய்தியுமே கிடைத்திருக்காது.

தமிழ்நாடு முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் 2012-ல் தொடங்கியது. சேலமும் நாமக்கல்லும் அதில் அடங்கும். அந்த முதல் ஆண்டில் பெயர் பதிவான ராசிபுரத்துப் பெண் ஒருவருக்கு இருபதாண்டு நிறைவது 2032-ல். அதுவரை அவரைப் போய்ப் பார்த்துக் கேட்டுவர ஊர் தெரிந்த ஆட்களை மாவட்டந்தோறும் நிரந்தரச் சம்பளத்தில் வைக்க வேண்டும்.