வீட்டுக்குள் நாமே வாங்கி வைக்கும் நச்சு

காற்றில் மாசு, ஆற்றில் மாசு என்று நாளிதழ்களில் நாள்தோறும் படிக்கிறோம். ஆனால் நாமே கடைக்குப் போய், காசு கொடுத்து வாங்கி, வீட்டு அலமாரியில் அடுக்கி வைக்கும் நச்சுப் பொருள்களைப் பற்றி அதிகம் நினைப்பதில்லை. கழிவறை கழுவும் ஆசிட், கொசுவத்திச் சுருள், அந்துருண்டை, சுவருக்குப் பூசும் வண்ணம் எல்லாம் இந்த வரிசையில் அடங்கும்.

திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்தக் காரணம் உண்டு. நம் சொந்த ஊர்களில் பலருக்குக் குடிநீர் தெருக்குழாயிலிருந்தோ ஊர்ப் பொதுக் கிணற்றிலிருந்தோ வந்தது. கேரளத்திலோ வீட்டுக்கு வீடு கிணறு. ஐந்து சென்ட் மனையில் ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் செப்டிக் டாங்க். இரண்டுக்கும் இடையே குறைந்தது 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இங்குள்ள கட்டட விதி. பழைய வீடுகள் பலவற்றில் அந்த இடைவெளி இருப்பதில்லை. கழிவறையில் நாம் ஊற்றுவது பக்கத்திலேயே மண்ணுக்குள் இறங்குகிறது. அதே மண்ணில் ஊறும் நீரைத்தான் இறைத்துக் குடிக்கிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாகப் பார்ப்போம்.

கழிவறையும் தரையும்

செப்டிக் டாங்கில் கழிவைச் சிதைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். புட்டி புட்டியாக ஆசிட்டும் கிருமிநாசினியும் ஊற்றினால் அவை மடியும். பாதி சிதைந்த கழிவு அப்படியே மண்ணில் இறங்கும். எனவே வாரம் ஒருமுறை சிறிதளவு போதும். மற்ற நாள்களில் சோப்புத் தண்ணீரும் தேய்க்கும் பிரஷ்ஷுமே போதுமானவை.

இதைவிடப் பெரிய ஆபத்து கலப்பது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு வெளிவரும். மூடிய குளியலறையில் இது மூச்சையே அடைத்துவிடும். வினிகர், எலுமிச்சைச் சாறு போன்ற ‘இயற்கை’ப் புளிப்புகளைப் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்தாலும் இதே விளைவுதான். பிளீச்சிங் பவுடர் கிணற்றுக்குத் தேவையான பொருள். 1000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான அளவு. கலந்து ஒரு மணி நேரம் கழித்தே நீரை எடுக்க வேண்டும். அதை ஆசிட் புட்டிக்கு அருகில் வைக்காதீர்கள்.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்து துப்புரவுக் கரைசல் செய்யலாம் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நுரை பொங்கும், அவ்வளவுதான். ஒன்றை மற்றொன்று செயலிழக்கச் செய்துவிடும். உப்புக்கறைக்கு வினிகர், எண்ணெய்ப் பிசுக்குக்குச் சமையல் சோடா எனத் தனித்தனியே பயன்படுத்துவதே நல்லது. பித்தளைக்குப் புளி, தலைக்குச் சீயக்காய், பட்டுத் துணிக்குப் பூந்திக்கொட்டை என்று நம் பாட்டிமார் கையாண்ட முறைகள் இன்றும் பயன் தருகின்றன. பூந்திக்கொட்டையில் உள்ள ‘சபோனின்’ என்ற பொருளே அழுக்கை எடுக்கிறது.

ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய் எதையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

கொசுவை விரட்ட

மழைக்காலத்தில் சன்னல்களை மூடிக்கொண்டு சுருள் கொளுத்துவது இங்கு வழக்கம். ஒரு சுருள் முழுவதும் எரியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று, சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2003-இல் தெரிவித்தது. அந்த அறையில்தான் குழந்தையும் உறங்குகிறது.

இரவில் கொசுவலையே சிறந்தது. டெங்கு பரப்பும் கொசுவோ பகலில் கடிப்பது. அது முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, முற்றத்தில் கிடக்கும் சிரட்டை ஆகியவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டிவிட்டால் மருந்தின் தேவை பெருமளவு குறையும்.

மருந்து வாங்கியே தீர வேண்டுமென்றால் அட்டையில் உள்ள சாய்சதுரக் குறியைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு. அடுத்தடுத்து மஞ்சள், நீலம். பச்சை மிகக் குறைந்தது. பூச்சிக்கொல்லிப் பதிவு எண் இல்லாமல் ஊதுபத்தி வடிவில் விற்கும் கொசு விரட்டிகளை வாங்கவே வேண்டாம்.

அந்துருண்டையும் வசம்பும்

இங்குள்ள ஈரக்காற்றில் பெட்டியில் வைத்த பட்டுப்புடவை பூசணம் பிடிக்கும் என்பதால் அந்துருண்டை இல்லாத வீடு அரிது. இது நாப்தலின் என்ற வேதிப்பொருள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இதன் நெடியே இரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். பச்சிளங் குழந்தையின் துணிகளோடு இதை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் நாப்தலின் உருண்டைகளைத் தடை செய்துவிட்டது. பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் கற்பூரமும் குழந்தை விழுங்கினால் வலிப்பை உண்டாக்கும்.

துணியை வெயிலில் நன்றாக உலர்த்தி, காய்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ இடையில் வைக்கலாம். ஆனால் வசம்பு துணிக்கு மட்டும். உரைத்துக் குழந்தைக்குப் புகட்டும் பழக்கம் வேண்டாம். அதிலுள்ள ‘அசரோன்’ என்னும் பொருள் தீங்கு செய்வது. அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. மூலிகை என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது.

ஈயச்சொம்பு ரசம்

நம் வீடுகளுக்கே உரிய ஒரு பொருள் ஈயச்சொம்பு. கரமனையிலும் கோட்டைப் பகுதியிலும் வாழும் குடும்பங்கள் பலவற்றில் ரசம் இன்றும் அதில்தான் கொதிக்கிறது. இந்தச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் வேறு உலோகம், கொடிய நஞ்சு. பேச்சு வழக்கில் இரண்டையும் ‘ஈயம்’ என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. காரீயம் கலந்த பாத்திரத்தில் புளியும் தக்காளியும் கொதித்தால் அது ரசத்தில் கரையும். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்குகிறது.

காரீயம் வெள்ளீயத்தைவிடக் கனமானது. வெள்ளைத் தாளில் தேய்த்தால் கருங்கோடு விழும். ஆனால் கலப்படத்தை இவ்வாறு உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. நம்பகமான கடையில் ‘தூய வெள்ளீயம்’ என்று எழுதிய ரசீதுடன் வாங்குங்கள். பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசும்போதும் இதைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் புளிப்பான சமையலுக்கு எவர்சில்வரே பாதுகாப்பு.

சுவர் வண்ணத்திலும் காரீயம் உண்டு. வீட்டு வண்ணங்களில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் பூசிய சுவர், கதவுகளைச் சுரண்டும்போது தூசி பறக்காமல் நனைத்துச் சுரண்ட வேண்டும்; குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அருகில் இருக்கக் கூடாது. பழைய கொலு பொம்மைகளுக்கு மறுவண்ணம் தீட்டுவோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

பையும் நெருப்பும்

வாங்கிய பொருளோடு பிளாஸ்டிக்கும் வீட்டுக்கு வருகிறது. அதை முற்றத்தில் குவித்துக் கொளுத்தினால் எழும் புகையில் ‘டையாக்சின்’ போன்ற நச்சுகள் உண்டு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் கோவளத்தில் குப்பை எரிக்கும் ஆலை வருவதாக இருந்தபோது திருவனந்தபுரத்தின் ‘தணல்’ அமைப்பு அதை எதிர்த்தது. நமக்குத் தணல் என்றால் நெருப்பு, மலையாளத்தில் நிழல்! ஆலை கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக, உள்ளூர்ப் பெண்கள் துணிப்பையும் காகிதப்பையும் சிரட்டைப் பொருள்களும் செய்யும் முயற்சி அங்கே தொடங்கியது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு 2019-லும் கேரளம் 2020-லும் தடை விதித்தன. சாலைக் கடைத்தெருவுக்குப் போகும்போது ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சப்பை கையில் இருக்கட்டும். சேரும் பிளாஸ்டிக்கைக் கழுவி உலர்த்தி, வீடு தேடி வரும் ஹரித கர்ம சேனையிடம் கொடுத்துவிடுங்கள்.

எதை நம்பி வாங்குவது?

‘ஹெர்பல்’, ‘இயற்கை’ என்ற சொற்களும் பச்சை இலைப் படமும் சான்று ஆகா. சூழலுக்கு உகந்த பொருள்களை அடையாளம் காட்ட மத்திய அரசு 1991-இல் ‘ஈகோமார்க்’ திட்டத்தைக் கொண்டுவந்து, மண்பானையைச் சின்னமாக வைத்தது. கடைகளில் அச்சின்னம் பரவலாகத் தென்படவில்லை. 2024-இல் அதற்குப் புதிய விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அது பரவும் வரை நமக்குத் துணை, அட்டையில் உள்ள சிறிய எழுத்துகளே. சேர்மானம் அச்சிடாத பொருளை வாங்காதிருப்பது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து, உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். இது எதனால் ஆனது? குழந்தையின் கைக்கு எட்டுமா? கழுவி ஊற்றினால் எங்கே போய்ச் சேரும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாத பொருளை அடுத்த மாத மளிகைச் சீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். செலவும் குறையும், கிணறும் தெளிவாக இருக்கும்.