அத்தானின் கார் தர்மத்துக்குப் போனது

அமெரிக்காவின் மேரிலன்ட் மாநிலத்தில் வசிக்கும் என் அக்காவுடன் கடந்த வருடம் மூன்று மாதங்கள் தங்கியிருந்தேன். அங்கு கண்டவற்றுள் உங்களுக்குச் சொல்ல வேண்டுமென்று நினைத்து வந்தது, அக்கா ஒரு பழைய காரைத் தர்மத்துக்குக் கொடுத்த கதை. காரையும் தானம் கொடுப்பார்களா என்று சிரிப்பீர்கள். பழைய சைக்கிளுக்கே விலை பேசுகிறவர்கள் நாங்கள். ஆனால் அங்கே அது வழமையான விடயம்.

அது குடும்பத்துக்கு ஏற்ற கார் அல்ல. 2003ஆம் ஆண்டின் டொயோட்டா செலிக்கா. இரண்டே கதவுகள். பின்னுக்கு ஏறுவதென்றால் முன் இருக்கையை மடித்து, தலையைக் குனிந்து, உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகவேண்டும். வேகமாக ஓட விரும்புகிறவர்கள் வாங்குகிற சாதி. அத்தான் ஆசைப்பட்டு வாங்கியது. அவர் காலமாகி மூன்று வருடங்களாகியும் அக்கா அதை விற்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. கணவரின் சேட்டைப் பெட்டியில் மடித்து வைத்திருப்பவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! அதனால் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் நிற்கிற காருக்கும் காப்புறுதி கட்டத்தான் வேண்டும். பற்றறி செத்து, ரயர்களில் காற்றும் போயிருந்தது. பெறாமகன் பழைய கார் வியாபாரி ஒருவரிடம் விலை கேட்டு வந்தான். அக்காவுக்கு மனம் வரவில்லை.

“வித்த காசை நான் எந்தச் செலவோடை சேர்க்கிறது தங்கச்சி? கறிபுளிக்கே? ஆருக்கும் உதவட்டும்.”

கொடுப்பதென்று முடிவெடுத்த பிறகுதான் வேலை தொடங்கியது. கார்களைக் கேட்டு விளம்பரம் செய்யும் எல்லோரும் ஒரே மாதிரி அல்ல. சில தர்ம நிறுவனங்கள் காரை எடுப்பது, விற்பது எல்லாவற்றையும் இலாபத்துக்கு நடக்கும் இடைத்தரகர்களிடம் விட்டுவிடுகின்றன. 2003இல் அந்நாட்டுக் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் 54 வாகனங்கள் என்னவாயின என்று தேடிப் பார்த்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு, கொடுத்தவர் வரிப் பத்திரத்தில் காட்டிய பெறுமதியில் நூற்றுக்கு 5 அல்லது அதற்கும் குறைவான பணமே தர்ம நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது! பிறகு சட்டத்தை இறுக்கினார்கள். 2005 முதல், நிறுவனம் காரை விற்றுவிட்டால், 500 டொலருக்கு மேல் வரிக் கழிவு கேட்பவர் உண்மையில் விற்ற தொகையை மட்டுமே காட்டலாம். விற்று 30 நாட்களுக்குள் அதற்கான பத்திரத்தையும் நிறுவனம் அனுப்பவேண்டும்.

அக்கா தொலைபேசியில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். “இந்தக் கார் வித்த காசிலை உங்கடை கைக்கு எவ்வளவு வரும்?” ஓரிடத்தில் நேரான பதில் வரவில்லை. அவர்களை விட்டுவிட்டார். எங்களிடம் படிவம் நிரப்ப வருகிறவர்களிடம் நாங்களும் இப்படிக் கேட்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

அக்காவின் மனதில் ஓர் ஆசை இருந்தது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிற ஒரு தாய் அந்தக் காரை ஓட்டவேண்டும். அது வீண் ஆசை அல்ல. பஸ் ஓடாத ஊர்களில் கார் இல்லையென்றால் பிள்ளையைக் காப்பகத்தில் விடவும் முடியாது, வேலைக்குப் போகவும் முடியாது. வேர்மொன்ட் மாநிலத்தில் ‘குட் நியூஸ் கராஜ்’ 1996 முதலும், மேரிலன்டில் ‘வெஹிக்கிள்ஸ் ஃபோர் சேஞ்ச்’ 1999 முதலும் பழைய கார்களைத் திருத்தி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கொடுத்து வருகின்றன.

ஆனால் அக்கா தெரிந்தெடுத்த நிறுவனத்தில் பேசிய பெண் உள்ளதைச் சொன்னாள். இரண்டு கதவுக் காரில் குழந்தை இருக்கையைப் பூட்டிக் கழற்றுவது பெரும்பாடு, இந்த வகைக் காருக்குக் காப்புறுதியும் கூட வரும், ஆகவே இதை ஏலத்தில் விற்று அந்தப் பணத்தில் வேறொரு காரைத் திருத்துவோம் என்றாள். அக்காவின் முகம் வாடிவிட்டது. எனக்கோ அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. 2009இல் செட்டிகுளம் முகாமில், கொதிக்கிற வெயிலில் எங்கள் கூடாரத்துக்குக் கம்பளிச் சட்டைகள் வந்தன. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். எங்களுக்கு அப்போது தேவைப்பட்டது வாளியும் உள்ளாடையும். இதை அக்காவுக்குச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப விக்கட்டும்” என்றார்.

உரிமைப் பத்திரம் இருவரின் பெயரிலும் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. மரணச் சான்றிதழோடு அக்கா கையெழுத்திட முடிந்தது. காணியும் மோட்டார் சைக்கிளும் அவருடைய பெயரில் மட்டும் இருக்க, அவர் எங்கே என்றே தெரியாமல் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காணாமற்போனோருக்கான சான்றிதழை எங்கள் நாட்டில் 2016இல்தான் சட்டமாக்கினார்கள்.

காரைக் கொடுக்குமுன் இலக்கத் தகடுகளைக் கழற்றி வாகனப் பதிவு அலுவலகத்தில் ஒப்படைத்த பிறகே காப்புறுதியை நிறுத்தவேண்டும். முறை மாறினால் மேரிலன்டில் தண்டப்பணம். இழுத்துப் போகும் லொறி வந்தது. அதற்குக் கட்டணம் கேட்கவில்லை. ஆசனத்துக்கு அடியில் அத்தானின் மூக்குக்கண்ணாடி ஒன்று கிடந்தது. அதை மட்டும் அக்கா எடுத்துக்கொண்டார்.

சில கிழமைகளில் பத்திரம் வந்தது. ஏலத்தில் 850 டொலர். வரியில் அக்காவுக்கு ஒரு சதமும் குறையவில்லை. 2018 முதல் எல்லோருக்கும் பொதுவாகக் கழிக்கும் தொகையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிவிட்டதால், அக்கா போன்றவர்கள் தானத்தைத் தனியாகக் காட்டுவதில் பயனில்லை. பெறாமகன் அதைச் சொல்லிச் சிரித்தான். அக்கா பத்திரத்தை அத்தானின் மரணச் சான்றிதழ் இருந்த கோவையிலேயே வைத்தார்.

நான் திரும்பி வரும்போது, கார் நின்ற இடத்தில் நல்ல வெயில் விழுகிறதென்று அக்கா மிளகாய்க் கன்றுகளைச் சாடிகளில் வைத்திருந்தார்.