முகம் ஒரு பக்கம் வீங்குதா? சர்க்கரை நோயாளிகளே உஷார்!
கண்ணையும் உயிரையும் பறிக்கும் கருப்பு பூஞ்சை

பாகலூர்,

ஓசூரை அடுத்து கர்நாடக எல்லையில் உள்ள பாகலூர் பகுதியில் ரோஜா தோட்டங்களும், பசுமைக்குடில்களும் ஏராளம். எரு அள்ளுவது, உதிர்ந்த இலைகளை கூட்டுவது இங்கு தினசரி வேலை. அந்த எருவிலும், அழுகிய இலையிலும், ஈர மண்ணிலும்தான் கருப்பு பூஞ்சை நோயை உண்டாக்கும் கிருமி குடியிருக்கிறது.

அதற்காக எல்லோரும் பயப்பட தேவையில்லை. இந்த பூஞ்சையின் தூள் காற்றோடு கலந்து எல்லோர் மூக்கிலும் போகத்தான் செய்கிறது. உடம்பில் எதிர்ப்பு சக்தி இருந்தால் அங்கேயே அழிந்து விடும். ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்கு தொற்றவும் செய்யாது.

யாருக்கு ஆபத்து?

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு மருந்து அதிகம் எடுப்பவர்கள், சிறுநீரக மாற்று ஆபரேஷன் செய்தவர்கள், புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோருக்குத்தான் ஆபத்து. ரத்தத்தில் சர்க்கரை ஏற ஏற பூஞ்சைக்கு அது தீனி ஆகிறது. ரத்தக்குழாயை அடைத்து சதையை சாகடிக்கிறது. செத்த சதை கருப்பதால் வந்த பெயர்தான் கருப்பு பூஞ்சை.

2021-ம் ஆண்டு கொரோனா 2-வது அலையில் நடந்ததும் இதுதான். ஸ்டீராய்டு மருந்தால் சர்க்கரை எகிறியவர்களை இது தாக்கியது. நாடு முழுவதும் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகவும், 4 ஆயிரத்து 300-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் அந்த ஆண்டு ஜூலையில் மத்திய அரசு தெரிவித்தது. கொரோனா அலை ஓய்ந்தாலும் பூஞ்சை மண்ணில் அப்படியே இருக்கிறது.

அறிகுறி என்ன?

முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி, வீக்கம், மரத்துப்போதல். மூக்கடைப்பு, மூக்கில் கருப்பாகவோ ரத்தமாகவோ வடிதல். மேல் அண்ணம் கருத்தல், பல் ஆடுதல், கண் இமை தொங்குதல், பார்வை இரண்டாக தெரிதல்.

“சளிதானே” என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளை கடத்தக்கூடாது. வழக்கமான ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு பூஞ்சை சாகாது. ஆம்போடெரிசின் என்ற ஊசி மருந்தும், கெட்ட சதையை அகற்றும் ஆபரேஷனும்தான் சிகிச்சை. தாமதித்தால் கண்ணையே எடுக்க வேண்டி வரும். மூளைக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. எனவே உடனே காது, மூக்கு, தொண்டை டாக்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

தடுப்பது எப்படி?

சர்க்கரையை கட்டுக்குள் வைப்பதுதான் முதல் மருந்து. வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த கொதிப்பு மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பரிசோதனையும் இலவசம்.

சர்க்கரை உள்ளவர்கள் எரு, மண் வேலையின்போது முகக்கவசம், முழுக்கை சட்டை போட வேண்டும். டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை தொடவே கூடாது. டாக்டர் கொடுத்திருந்தால் தானாக நிறுத்தவும் கூடாது.

ஷிப்டு அவசரத்தில் “ஒரு நாள் மாத்திரை போடாட்டி என்ன” என்று விடுபவர்கள், அடுத்த முறை கொஞ்சம் யோசிப்பது நல்லது.