கால் எட்டினால் போதுமா?

ஷோரூமில் முதன்முதலாக ஒரு க்ரூஸர் வண்டியில் ஏறி உட்காருகிறவர்களின் முகத்தைப் பாருங்கள். உட்கார்ந்த மாத்திரத்தில் இரண்டு பாதமும் குதிகாலோடு தரையில் பதியும். 'நமக்கு உயரம் பத்தாது' என்று இத்தனை நாளும் ஸ்கூட்டரோடு நிறுத்திக்கொண்டவர் முகத்தில் சட்டென்று ஒரு தெளிச்சி வரும். "கால் நல்லா எட்டுது பாருங்க சார்" என்பார் விற்பனைப் பையன். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

அவர் சொல்வதில் பொய் இல்லை. பஜாஜ் அவெஞ்சரின் சீட், தரையிலிருந்து 737 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 என்றால் 765. ஊரெல்லாம் ஓடும் ஹீரோ ஸ்ப்ளெண்டரே 785 இருக்கும். கிளாசிக் 350-க்கு 805. ஐந்தடி சொச்சம் உயரம் உள்ளவருக்கு இந்த ஐந்தாறு சென்டிமீட்டர்தான் வண்டி ஓட்டலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. கியர் வண்டி கற்றுக்கொள்ள நினைக்கும் பெண்கள் பலர் க்ரூஸர் பக்கம் வருவதற்கும், நாற்பது வயதுக்கு மேல் முதல் மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர்கள் இதைத் தேடுவதற்கும் காரணம் அதுவே.

ஆனால் கால் எட்டுவது, வண்டி நிற்கும்போது கிடைக்கிற வசதி. அதை வைத்து ஓட்டுவது சுலபம் என்று முடிவு கட்டிவிடுவதுதான் புதிதாக வாங்குகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். க்ரூஸரின் குணமெல்லாம் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இனிக்கும். அதன் சங்கடமெல்லாம் 15 கிலோமீட்டருக்குக் கீழே இருக்கிறது. கற்றுக்குட்டிக்கோ வாழ்க்கையே 15-க்குக் கீழேதான். தெருமுனை, பெட்ரோல் பங்க் வரிசை, சிக்னல், அபார்ட்மென்ட் பார்க்கிங். ஆகவே ஒரு க்ரூஸரைத் தேர்ந்தெடுப்பது என்றால் அது நெடுஞ்சாலையில் எப்படிப் போகும் என்பதை விட்டுவிட்டு, அசையாமலும் மெல்ல நகரும்போதும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதுதான்.

இந்த வடிவமே நமக்காகப் பிறந்ததல்ல. நூல் பிடித்தாற்போல் ஓடும் அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்காக உருவானது. காலை முன்னே நீட்டி, ஹேண்டில்பாரை நெஞ்சுக்கு அருகே இழுத்து, சாய்ந்தாற்போல் உட்கார்ந்து மணிக்கணக்கில் நேராகப் போக வேண்டும். நேராகப் போக வேண்டும் என்பதற்காகவே முன் ஃபோர்க்கைச் சரித்து, இரண்டு சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தை நீட்டினார்கள். அப்படி நீட்டினால் வேகத்தில் அலைபாயாமல் போகும். அதே நீளம், தெருவில் வண்டியைத் திருப்பும்போது எதிரியாக வந்து நிற்கும்.

இந்தியாவில் சின்ன க்ரூஸருக்கு ஒரு வரலாறு உண்டு. 2001-இல் பஜாஜும் கவாஸாகியும் சேர்ந்து 175 சி.சி. எலிமினேட்டரைக் கொண்டுவந்தன. நல்ல வண்டி, கையைக் கடிக்கும் விலை. அதே உருவத்துக்குள் பல்சரின் 180 சி.சி. இன்ஜினை வைத்து 2005-இல் அவெஞ்சர் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை 'கைக்கு எட்டும் க்ரூஸர்' என்றால் அந்தப் பெயர்தான். யமஹா என்டைஸர் வந்தது, போனது. சுஸுகி 2017-இல் இன்ட்ரூடர் 150 என்று ஒன்றை இறக்கியது. அதன் முகத்தைப் பார்த்து வாங்கியவர்கள் குறைவு. ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்டு இருந்த இடத்தில் 2020 நவம்பரில் மீட்டியோர் வந்து உட்கார்ந்தது.

இப்போது எடைக்கு வருவோம். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. அவெஞ்சர் ஸ்ட்ரீட் 160, 156 கிலோ. மீட்டியோர், பெட்ரோல் ஆயில் எல்லாம் சேர்த்து 191 கிலோ. ஸ்ப்ளெண்டர் மேல் நிறைந்த கேஸ் சிலிண்டர் இரண்டைக் கட்டி வைத்தாலும் மீட்டியோரின் எடை வராது. ஓடும்போது இந்த எடை தெரியவே தெரியாது. தாழ்வாக இருப்பதால் இன்னும் தெரியாது. இறங்கித் தள்ளும்போதுதான் தெரியும்.

சென்னையில் பழைய வீடு இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு, வீடு தெருவைவிட ஒன்றரை அடி கீழே போயிருக்கும். காலையில் வண்டியை எடுக்க வேண்டுமென்றால் பின்பக்கமாக அந்தச் சரிவில் மேலே தள்ள வேண்டும். ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை டேங்கில் முட்டுக் கொடுத்து, செருப்பு வழுக்காமல் ஒரு அடி, இன்னொரு அடி. பாதியில் மூச்சு வாங்க நின்றால் வண்டி தன் பாட்டுக்குக் கீழே இறங்கும். அதைப் பிடிக்க முன் பிரேக்கை அழுத்த வேண்டும், ஆனால் அந்த நேரம் பார்த்து ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். ஷோரூமின் கிரானைட் தரையில் இந்தக் காட்சிக்கு வழியில்லை. டெஸ்ட் ரைடு கேட்கிறவர்கள் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, வெளியே சரிவான இடமாகப் பார்த்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஊழியர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

அடுத்தது, யூ-டர்ன். இங்கே ஒரு வேடிக்கை. அவெஞ்சர் ஸ்ட்ரீட் எடையில் 35 கிலோ குறைவு, ஆனால் இரு சக்கர இடைவெளி 1480 மில்லிமீட்டர். கனத்த மீட்டியோருக்கு 1400-தான். ஆக, தள்ளுவதற்கு அவெஞ்சர் லேசு, திருப்புவதற்கு மீட்டியோர் அடக்கம். இரண்டிலும் நல்லது என்று ஒரு வண்டி கிடையாது. உங்கள் தெரு எதைக் கேட்கிறது என்பதே கணக்கு. வீட்டு வாசல் சரிவு என்றால் அவெஞ்சர். சமதளப் பார்க்கிங், குறுகலான சந்து என்றால் மீட்டியோர்.

புதியவர்கள் க்ரூஸரைக் கீழே போடுவது பெரும்பாலும் இந்த யூ-டர்னில்தான், அதுவும் நடக்கிற வேகத்தில். பாதி திரும்பியதும் எதிரே ஆட்டோ வரும். பதறி, வலது கை முன் பிரேக்கை இழுக்கும். ஹேண்டில் திரும்பிய நிலையில் முன் சக்கரம் கப்பென்று நின்றால் வண்டி அந்தப் பக்கமே சாயும். சாய ஆரம்பித்த 190 கிலோவை ஒற்றைக் கால் தாங்காது. தாங்க முயலவும் கூடாது, முட்டி போய்விடும். மெதுவாகத் திரும்பும்போது முன் பிரேக்கை மறந்துவிட்டு, ஹாஃப் கிளட்ச்சில் இழுவை விடாமல், வலது காலால் பின் பிரேக்கை லேசாக உரசிக்கொண்டே போக வேண்டும். கண் எங்கே போக வேண்டுமோ அங்கே இருக்க வேண்டும். முன் சக்கரத்தைப் பார்த்தால் அங்கேயே விழுவீர்கள்.

விழுந்துவிட்டால் முதலில் இன்ஜினை அணையுங்கள். வலது பக்கம் சாய்ந்து கிடந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே தட்டி விடுங்கள், முடிந்தால் கியரில் போடுங்கள், தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாயாமலும் உருளாமலும் இருக்கும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் ஓரத்தில் பின்புறத்தை ஒட்டி உட்கார்ந்தாற்போல் நின்று, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்புறக் கம்பியையும் பிடித்து, தொடை பலத்தில் சின்னச் சின்ன அடியாகப் பின்னே நடங்கள். குனிந்து இடுப்பால் தூக்குகிறவர்களுக்கு அடுத்த வாரம் எலும்பு மருத்துவரிடம் வேலை இருக்கும்.

காலை முன்னே நீட்டி உட்காரும் சுகத்துக்கும் ஒரு விலை உண்டு. சாதாரண வண்டியில் பள்ளம் வந்தால் ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றி, சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பிக்கொள்வோம். அடியைக் காலே வாங்கிக்கொள்ளும். க்ரூஸரில் பாதம் உடம்புக்கு நேர்கீழே இல்லை, எழும்ப முடியாது. பின் சக்கரம் வாங்கும் குத்து நேராக முதுகெலும்பின் அடிநுனிக்கு வரும். அறிவிப்புப் பலகை இல்லாமல், வெள்ளைக் கோடு அழிந்து, ஊருக்கு ஊர் வேறு உயரத்தில் கிடக்கும் நம் வேகத்தடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகுவலி இருப்பவர்கள் 'நிமிர்ந்து உட்காரலாமே' என்று க்ரூஸரைத் தேடி வருவது எனக்கு எப்போதும் ஆச்சரியம். அவர்களுக்கு நான் சொல்வது ஒசூர்க்காரர்களின் ரோனின். டி.வி.எஸ். அதை க்ரூஸர் என்று முழுசாகச் சொல்லாது, மற்றவர்களும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 160 கிலோ, 225 சி.சி., 1357 மில்லிமீட்டர் இடைவெளி, கால் ஏறக்குறைய நடுவில். சீட் மட்டும் 795-க்கு ஏறிவிட்டது. உயரம் இருக்கிறவர் யோசிக்கலாம்.

இன்ஜின் விஷயத்தில் நாம் சி.சி.யைத்தான் கேட்போம். கேட்க வேண்டியது, இழுவை எந்த இடத்தில் கிடைக்கிறது என்பது. மீட்டியோரின் 27 நியூட்டன் மீட்டர் டார்க் 4000 ஆர்.பி.எம்.மிலேயே முழுசாக வந்துவிடும். மூன்றாவது கியரில் 25 கிலோமீட்டருக்கு இறங்கினாலும் திணறாமல் எடுக்கும். கியர் மாற்றுவதில் தடுமாறும் புதியவருக்கு இது பெரிய மன்னிப்பு. அவெஞ்சர் 160-இல் உச்ச இழுவை 13.7-தான், அதுவும் 7000 ஆர்.பி.எம்.மில். உருவம் க்ரூஸர், நெஞ்சு பல்சர். கியரைச் சரியாகப் போட்டாக வேண்டும். இன்னொரு பக்கம், அதிகம் முறுக்கினாலும் பயமுறுத்தாத வண்டி அது.

பிரேக்கில் பேரம் பேசாதீர்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். ஆனால் அவெஞ்சரில் அது முன் சக்கரத்துக்கு மட்டும், மீட்டியோரில் இரண்டுக்கும். க்ரூஸரில் உட்காருகிறவரின் எடை பின்னால் இருப்பதால் கால் தானாகப் பின் பிரேக்கைத் தேடும். மழையில், மணல் கிடக்கும் ஈ.சி.ஆர். ஓரத்தில் அது பூட்டிக்கொண்டால் வால் ஆடும். இந்த ஒரு காரணத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பேன்.

பின்னால் உட்காருகிறவரைக் கேட்காமல் வாங்கி, வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள் ஏராளம். தாழ்ந்து சரிந்த பின் சீட், பிடிக்க ஒன்றுமில்லாத உணர்வு, புடவையோடு ஒரு பக்கமாக உட்காரவே முடியாத அமைப்பு. புடவைக் காப்பு கம்பி சட்டப்படி இருந்தாக வேண்டும். 'அழகு கெடுது' என்று கழற்றி வீட்டில் வைத்திருப்பார்கள். முதுகுச் சாய்மானம் வைத்த மாடல் இருந்தால், வீட்டு அமைதிக்கு அதுவே நல்லது.

பிரிட்டனில் 17 வயதுப் பையன் 125 சி.சி.யில்தான் தொடங்க முடியும். 19-இல் அடுத்த படி, அதற்கும் 35 கிலோவாட் என்ற வரம்பு. நம் நாட்டில் அப்படிப் படிக்கட்டு இல்லை. 18 வயதில் எல்.எல்.ஆர்., 30 நாள் கழித்து எட்டு போட்டுக் காட்டினால் கையில் வருகிற லைசென்ஸ் 100 சி.சி.க்கும் 1000 சி.சி.க்கும் ஒன்றே. எட்டு போடுவதற்கு க்ரூஸரைக் கொண்டுபோகாதீர்கள். கால் ஊன்றாமல் அந்த வளைவில் நீளமான வண்டியைத் திருப்புவது பழகியவர்களுக்கே வேர்க்கும். டிரைவிங் ஸ்கூலின் பழைய 100 சி.சி. வண்டியில் போட்டுவிட்டு வாருங்கள். க்ரூஸர் பழக, ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் ஏதாவது மைதானம் இருக்கிறது.

பணக் கணக்கில் ஒரு கோடு முக்கியம். 2025 செப்டம்பர் 22-இலிருந்து 350 சி.சி. வரை ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-ஆக இறங்கிவிட்டது; அதற்கு மேல் 40. மீட்டியோர் 349 சி.சி. என்பதால் கோட்டுக்கு இந்தப் பக்கம். 'இன்னும் கொஞ்சம் போட்டு பெரிய வண்டியே எடுத்துடலாமே' என்ற ஆசைக்கு வரியே முட்டுக்கட்டை போட்டது புதியவர்களைப் பொறுத்தவரை நல்லதுதான்.

என்னைக் கேட்டால், முதல் க்ரூஸர் செகண்ட் ஹேண்ட் அவெஞ்சராக இருக்கட்டும். முதல் வருடத்தில் வண்டி எங்கேயாவது ஒரு தரம் சாயும். புது மீட்டியோரில் டியூ கட்டிக்கொண்டு அந்தக் கீறலைப் பார்ப்பது கொடுமை. அவெஞ்சருக்குத் தெருமுனை மெக்கானிக்கே போதும். ஆர்.சி.யில் பைனான்ஸ் பாக்கி நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன் ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்று நேரே எதிரில் நின்று பாருங்கள். நீளமான ஃபோர்க்கில் சின்னக் கோணலும் தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். இரண்டு புது டயரின் விலையைக் கழித்துக்கொண்டு பேச்சை ஆரம்பியுங்கள்.