கடல் பாலத்தில் லண்டன் சுரங்க ரயில்! பழைய பெட்டிகளை அடையாளம் காண்பது எப்படி?

கடலுக்குள் அரை கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு போகும் ஒரு பாலம். அதன் மேல் சிவப்பு நிறத்தில், வளைந்த கூரையோடு ஒரு லண்டன் சுரங்க ரயில். இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் இப்போதெல்லாம் கேட்கும் முதல் கேள்வி, "ஏஐ-ல செஞ்சதா?" என்பதுதான்.

இல்லை, நிஜம்தான். இங்கிலாந்தின் தெற்கே இருக்கும் வைட் தீவில், ரைட் என்ற ஊரின் கடல் பாலத்தில் 2021 ஜனவரி 3 வரை இந்த ரயில் ஓடிக்கொண்டிருந்தது. லண்டன் சுரங்கப் பாதைக்காக 1930-களின் கடைசியில் செய்த பெட்டிகள், 80 வயதைத் தாண்டியும் தீவில் பயணிகளை ஏற்றிச் சென்றன.

சுரங்க ரயிலுக்குத் தீவில் என்ன வேலை? ரைட் ஊரில் ஒரு சுரங்கம் இருக்கிறது. வெள்ளம் தேங்கியதால் அதன் தண்டவாளத்தை 1960-களில் உயர்த்திவிட்டார்கள். தலைக்கு மேல் இடம் குறைந்துபோனது. சாதாரண ரயில் பெட்டி நுழையாது. ஆனால் லண்டனின் ஆழமான சுரங்கங்களுக்காகச் செய்த குள்ளமான பெட்டி நுழையும். அதனால் லண்டன் கழித்துவிட்ட ரயில்கள் 1967 முதல் இங்கே வந்தன.

நிஜப் படத்தையே பொய் என்று சந்தேகப்படும் காலம் இது. தவறான ஆண்டும் பெயரும் போட்ட பழைய படங்களும் இணையத்தில் ஏராளம். உண்மையான பெட்டிகளில் பெரும்பாலானவை பழைய இரும்புக்குப் போய்விட்டன. அப்படியானால் ஒரு பெட்டி எது, எந்தக் காலத்தது என்று எப்படிச் சொல்வது? இதில் கில்லாடிகள், வீட்டு மேசையில் குட்டி ரயில் செய்யும் மாடல் பிரியர்கள்தான். 'ஏதோ ஒரு பழைய ரயில்' என்று யாரும் மாடல் செய்ய முடியாது. எந்தப் பெட்டி, எந்த ஆண்டு என்று முடிவு செய்த பிறகுதான் கத்தியையே கையில் எடுக்க முடியும்.

முதலில் உயரத்தைப் பாருங்க

லண்டனில் 1863-ல் தொடங்கிய முதல் சுரங்கப் பாதை, சாலையைத் தோண்டி மூடி அமைத்தது. நீராவி இன்ஜின் ஓடியதால் இடமும் தாராளம். அந்தப் பாதைகளில் ஓடும் பெட்டிகள் சாதாரண ரயில் பெட்டி அளவுக்கு உயரமாக இருக்கும்.

1890-ல் வந்தது வேறு வகை. ஆழத்தில் குழாய் போலத் துளைத்த சுரங்கம், மின்சார ரயில். 'டியூப்' என்ற பெயருக்கு இந்தக் குழாய் வடிவம்தான் காரணம். அதன் முதல் பெட்டிகளில் ஜன்னல் பெயருக்குத்தான் இருந்தது. சுரங்கத்துக்குள் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ! உள்ளே மெத்தைச் சுவர், மேலே சின்னச் சின்னக் கண்ணாடி. மக்கள் அதற்கு 'மெத்தை வைத்த சிறை அறை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதில் ஒரு பெட்டி லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

ஆக, படத்தில் பெட்டியின் கூரை சுரங்கத்தின் வளைவோடு சேர்ந்து வளைந்திருந்தால் அது டியூப் ரயில். நிமிர்ந்து உயரமாக நின்றால் மேல்மட்டப் பாதை ரயில்.

அது என்ன 'ஸ்டாக்'?

ஒரே வடிவமைப்பில் செய்த ரயில்களின் குடும்பத்துக்கு 'ஸ்டாக்' என்று பெயர். டியூப் ரயில்களை ஆண்டால் அழைப்பார்கள்: 1938 ஸ்டாக், 1959 ஸ்டாக், 1972 ஸ்டாக். உயரமான ரயில்களுக்கு எழுத்து: ஓ, கியூ, ஆர் என்று. பிறகு எழுத்தோடு ஆண்டும் சேர்ந்து ஏ60, சி69, டி78 என்று ஆனது.

இதில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. பெயரில் இருக்கும் ஆண்டு, ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டாக இருக்க வேண்டும் என்று இல்லை. பிக்காடில்லி பாதையின் 1973 ஸ்டாக் பயணிகளை ஏற்றியது 1975-ல்தான். 'பெயர்ல 1973 இருக்கே' என்று படத்துக்கு 1973 என்று ஆண்டு போட்டால் அங்கேயே தப்பு.

மெஷின் எங்கே இருக்கு?

பழைய டியூப் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

1923 முதல் 1934 வரை பல தொழிற்சாலைகளில் செய்த பெட்டிகளுக்கு 'ஸ்டாண்டர்ட் ஸ்டாக்' என்று பெயர். பெயர்தான் ஸ்டாண்டர்ட். செய்த கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. ஆனால் மோட்டார் பெட்டிகளில் ஒரு பொது அடையாளம்: ஓட்டுநர் அறைக்குப் பின்னாடியே மின் கருவிகளுக்கு ஒரு தனி அறை. பெட்டி நீளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால், ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுப் போக சட்டம் சட்டமாக அடித்த இரும்புச் சுவர் தெரியும்.

1938 ஸ்டாக்கில் அந்த அறையே காணாமல் போனது. தலைமைப் பொறியாளர் கிராஃப்-பேக்கரின் குழு, கருவிகள் அத்தனையையும் தரைக்கு அடியில் தள்ளிவிட்டது. மிச்சமான இடம் முழுக்கப் பயணிகளுக்கு. ஓட்டுநர் கதவை ஒட்டி உடனே பயணிகள் ஜன்னல் தொடங்குகிறதா? அப்போ அது ஸ்டாண்டர்ட் ஸ்டாக் இல்லை. வைட் தீவில் இந்த இரண்டு வகையுமே ஓடியிருக்கின்றன. 1967-ல் முதலில் போனது ஸ்டாண்டர்ட் ஸ்டாக். 1938 ஸ்டாக் போய்ச் சேர்ந்தது 1989 முதல்தான். தீவுப் படம் கிடைத்தால் ஓட்டுநர் அறைக்குப் பின்னாடி பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உயரமான ரயில்களில் இதே போல சட்டென்று தெரிவது ஓ, கியூ38 வகைகள். பக்கச் சுவர் கீழே வரும்போது பெல்பாட்டம் பேண்ட் மாதிரி வெளியே விரிந்திருக்கும். அழகுக்காக மட்டும் செய்தது இல்லை. பழைய பெட்டிகளின் கீழே இருந்த விளிம்பில் காலை வைத்து, கிளம்பிய ரயிலில் தொற்றிக்கொள்ளும் வழக்கம் அங்கேயும் இருந்தது. அதைத் தடுக்க விளிம்பையே சுவருக்குள் மறைத்தார்கள். 'ஃபுட்போர்டு' நம்ம ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை!

ஒரே ரயிலில் ரெண்டு வயசு

இங்கேதான் அனுபவசாலிகளும் வழுக்குவார்கள். ரயில் 1938 ஸ்டாக் என்றால் அதில் உள்ள எல்லாப் பெட்டியும் 1938 ஸ்டாக் என்று அர்த்தம் இல்லை. 1927-ல் செய்த 58 ஸ்டாண்டர்ட் ஸ்டாக் பெட்டிகளை மாற்றியமைத்து 1938 ரயில்களுக்கு நடுவே கோத்திருந்தார்கள். கூரையின் வரிசை அந்த ஒரு பெட்டியில் மட்டும் மாறும். அதேபோல, 1935-ல் சோதனைக்காகச் செய்த மூக்கு உருண்ட ரயில்களும் உண்டு. 1950 வாக்கில் அவற்றின் ஓட்டுநர் அறையை எடுத்துவிட்டு சாதாரண நடுப்பெட்டிகளாக்கி விட்டார்கள்.

அப்போது கைகொடுப்பது எண். 1938 ஸ்டாக்கில் 10-ல் தொடங்கும் ஐந்து இலக்க எண் ஒரு முனையின் ஓட்டுநர் பெட்டி, 11 என்றால் மறுமுனை. 12 என்றால் மோட்டார் உண்டு, ஓட்டுநர் அறை கிடையாது. 012 என்று பூஜ்யத்தோடு தொடங்கினால் மோட்டாரும் இல்லை, ஓட்டுநர் அறையும் இல்லை. அருங்காட்சியகம் பாதுகாக்கும் ரயிலின் எண்களைப் பாருங்கள்: 10012, 012256, 12048, 11012. அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட்டால் பெட்டியே மாறிப்போகும்.

நிறத்தை நம்பாதீங்க

1950-களில் அலுமினியப் பெட்டிகள் வந்தன. எடை குறைவு, பெயின்ட் அடிக்கும் செலவும் இல்லை. அப்படியே வெள்ளியாக ஓடவிட்டார்கள். ஆனால் மேல்மட்டப் பாதையின் ஆர் ஸ்டாக்கில், அலுமினியப் பெட்டிகளோடு பழைய இரும்புப் பெட்டிகளும் சேர்ந்து ஓடின. ரெண்டும் ஒரே மாதிரி தெரிய, இரும்புக்கும் வெள்ளி நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள்! வெள்ளியாக இருப்பதெல்லாம் அலுமினியம் இல்லை.

பிறகு சுவரில் கிறுக்குபவர்களின் தொல்லை அதிகமானது. அலுமினியத்தில் கிறுக்கியதைத் துடைத்தாலும் தடம் போகவில்லை. அதனால் 1990-களில் மறுபடியும் பெயின்ட் வந்தது: சிவப்பு, வெள்ளை, நீலம். 1967 ஸ்டாக்கும் 1972 ஸ்டாக்கும் அந்தப் பெயின்டில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிரித்துச் சொல்ல முன்பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். பக்கவாட்டுக்கு வளைந்து போனால் 1967, தட்டையாக நின்றால் 1972.

மேசை மேல் ஒரு டியூப்

பிரிட்டனில் பரவலான மாடல் அளவு 76-ல் ஒரு பங்கு. இந்த அளவில் 1938 பெட்டி சுமார் 21 செ.மீ. நீளம், 4 செ.மீ.க்கும் குறைவான உயரம். உயரமான ரயிலை அதே அளவில் செய்தால் சுமார் ஒரு செ.மீ. கூடும்.

தொல்லை தண்டவாளத்தில் இருக்கிறது. நிஜ இடைவெளியான 1,435 மி.மீ.ஐ 76-ல் ஒரு பங்காக்கினால் கிட்டத்தட்ட 18.8 மி.மீ. வர வேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5 மி.மீ. அந்தக் காலத்து மோட்டார் பெரிது, பிரிட்டிஷ் இன்ஜின் சிறிது. மோட்டாரை உள்ளே திணிக்க உடலை மட்டும் பெரிதாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டதால் வந்த வினை. இன்றுவரை பெரும்பாலானோர் அதோடுதான் குடும்பம் நடத்துகிறார்கள்.

டியூப் மாடலில் மோட்டாரை ஒளிப்பது இன்னும் கஷ்டம். தரை தாழ்வு, ஜன்னல் வழியாக உள்ளே எல்லாம் தெரியும். இஎஃப்இ நிறுவனம் முதலில் மோட்டாரே இல்லாத 1938 ரயிலை விற்றது. வாங்கியவர்கள் சக்கரத்தோடு சேர்ந்த குட்டி மோட்டாரை அடியில் பொருத்தி ஓடவிட்டார்கள்.

இன்னொன்று, லண்டனுக்கு நாலு தண்டவாளம். ரெண்டு சக்கரத்துக்கு, வெளியே ஒன்றும் நடுவே ஒன்றும் மின்சாரத்துக்கு. சுரங்கத்தின் இரும்புச் சுவருக்கு மின்சாரம் கசியாமல் இருக்க இந்த ஏற்பாடு. மாடலில் நாலாவதை விட்டுவிட்டால், பெட்டியை எவ்வளவு கச்சிதமாகச் செய்திருந்தாலும் ரயில் லண்டனில் நிற்பது போலத் தெரியாது. வைட் தீவு மாடலில் அதை வைத்தாலும் தப்பு. அங்கே மூன்றே தண்டவாளம்தான்.

வீட்டு ஆல்பத்திலும் இருக்கலாம்

1980-களில் இலங்கைத் தமிழர்கள் பலர் குடியேறிய டூட்டிங் பகுதி, நார்த்தர்ன் பாதையில் இருக்கிறது. அந்தப் பாதையிலிருந்து 1978-ல் விலகிய 1938 ஸ்டாக் ரயில்கள், பெட்டிப் பற்றாக்குறையால் 1986-ல் சில மட்டும் திரும்பி வந்தன. 1988 மே மாதம் நிரந்தரமாக விடைபெற்றன. 1983-க்குப் பிறகு லண்டன் வந்த குடும்பத்தின் ஆல்பத்தில், நார்த்தர்ன் பாதை நடைமேடையில் சித்தப்பாவின் பின்னால் முழுச் சிவப்பாக, தட்டை முகத்தோடு ஒரு ரயில் வழக்கமான சேவையில் நிற்கிறதா? படத்தின் பின்பக்கத்தில் தேதி எழுதாமல் விட்டிருந்தாலும், அந்த இரண்டு ஆண்டுக்குள்தான் அது எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.