ஸ்டீயரிங் இடம் மாறுதே!

கிரிவலப் பாதையில் கார்ல போயிருக்கீங்களா? 14 கிலோமீட்டரும் அண்ணாமலை நமக்கு வலது கைப் பக்கம்தான் வரும். 'வலம்' வர்றதுன்னா அதானே! நம்ம ஊர் காரில் டிரைவர் சீட்டும் வலது பக்கம். ஸோ, ஓட்டுறவருக்கு ஜன்னல் வழியே ஃபுல் டைம் மலை தரிசனம். (கொஞ்சம் ரோட்டையும் பாருங்க சாமி!)

அதே காரில் ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தா? தரிசனம் பக்கத்து சீட்காரருக்குப் போயிடும். அதுகூடப் பரவாயில்லை. அப்படியே செங்கம் ரோட்டுக்கு வாங்க. முன்னாடி கரும்பு லோடு ஏத்தின டிராக்டர் ஆடி அசைஞ்சு போகுது. ஓவர்டேக் பண்ணணும். வலது பக்கம் உட்கார்ந்தவர் வண்டியைக் கொஞ்சம் வெளியே எடுத்தாலே எதிரே வர்ற பஸ்ஸைப் பார்த்துடுவார். இடது பக்கம் உட்கார்ந்தவருக்குத் தெரியறது கரும்பு மட்டும்தான்! பஸ் வருதான்னு பார்க்கணும்னா பாதி காரை எதிர் டிராக்கில் நீட்டணும். அதுக்குள்ள பஸ் வந்துட்டா?

இந்தச் சிக்கலுக்காகவே உலகத்தில் ஒரு தனித் தொழில் நடக்குது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஸ்டீயரிங்கை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாத்துற வேலை.

போன மச்சான் திரும்பி வந்தான்!

பிரிட்டனும் நம்மைப் போல இடது பக்கம் வண்டி ஓட்டுற நாடு. அப்புறம் எதுக்கு அங்கே இந்த வேலை? 1961-ல் வந்த ஜாகுவார் இ-டைப், 1962-ல் வந்த எம்.ஜி.பி., டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் எல்லாமே பிரிட்டிஷ் கார்கள்தான். ஆனா தயாரான வண்டிகளில் ஏராளமானவை அமெரிக்காவுக்குக் கப்பலேறிடுச்சு. எம்.ஜி.பி. மட்டும் 1980 வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல் தயாராச்சு. அமெரிக்கா போனதெல்லாம் இடது பக்க ஸ்டீயரிங்.

பிரிட்டன் குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு தூவுவாங்க. அங்கேயே இருந்த கார்களை அந்த உப்பும் ஈரமும் துருப்பிடிக்க வெச்சே தின்னுடுச்சு. கலிஃபோர்னியா மாதிரி காய்ஞ்ச ஊருக்குப் போனது பாடி கெடாமல் அப்படியே இருக்கு. அதைத் திரும்ப வாங்கிட்டு வந்து, ஸ்டீயரிங்கை மாத்தி ஓட்டுறாங்க பிரிட்டிஷ் ரசிகர்கள்.

இதில் நம்ம மெட்ராஸுக்கும் ஒரு சொந்தம் உண்டு. ஸ்பிட்ஃபயரை உருவாக்கினதே டிரையம்ஃப் ஹெரால்டு காரை அடிப்படையா வெச்சுதான். அந்த ஹெரால்டுதான் 1961-லிருந்து மெட்ராஸில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாராச்சு. தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க, கதை கதையா சொல்வார்.

இடது கை கிளவுஸ்

'நாலு போல்ட்டைக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டினா முடிஞ்சுதே மச்சி'ன்னு தோணுதா? இருங்க.

ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங்கை எடுத்துக்குவோம். ஸ்டீயரிங் தண்டின் நுனியில் ஒரு சின்ன பல்சக்கரம் இருக்கும், அதுதான் பினியன். அது சுத்தும்போது ரேக் என்ற நீளமான பல்சட்டம் இடம் வலமா நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும். பினியன் இடது ஓரத்தில், ரேக்குக்கு மேலே இருக்குன்னு வைங்க. மொத்த செட்டையும் புரட்டி, பினியன் வலது ஓரத்தில் நம்மைப் பார்த்து நிற்கிற மாதிரி மாட்டினால் என்ன ஆகும்? மேலே இருந்த பினியன் கீழே போயிடும். ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடிச்சா வண்டி இடது பக்கம் போகும்!

இடது கை கிளவுஸை எப்படித் திருப்பினாலும் வலது கைக்கு சரியா வராது இல்லையா? அதே கதைதான். தேவைப்படுறது திருப்பின பார்ட் இல்லை, கண்ணாடியில் தெரியற பிம்பம் மாதிரி செய்த வேற பார்ட்.

ஸ்டீயரிங்கோடும் முடியாது. பெடல்கள், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், டேஷ்போர்டு, வைப்பர் எல்லாம் இடம் மாறணும். புது ஸ்டீயரிங் தண்டு போற வழியில் சைலன்சர் பைப் குறுக்கே நின்னா அதுக்கும் வேற வழி பார்க்கணும். ஹெட்லைட்டையும் மறக்கக் கூடாது. அமெரிக்க லைட்டின் லோ பீம் வலது ஓரத்தைப் பார்த்து அடிக்கும். நம்ம ரோட்டில் அது நேரா எதிரே வர்றவர் கண்ணில்!

எம்.ஜி.பி. மாதிரி கார்களுக்கு வலது பக்கப் பார்ட்ஸை கம்பெனியே தயாரிச்சதால பிழைச்சோம். 1964-ல் வந்த ஃபோர்டு மஸ்டாங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தொழிற்சாலையிலேயே வலது பக்க ஸ்டீயரிங்கோடு உலகச் சந்தைக்குத் தயாரான முதல் மஸ்டாங், 2015 மாடல்தான். அது இந்தியாவுக்கு வந்தது 2016-ல்.

குறுக்கு வழியும் இருக்கு. பழைய ரேக்கை அங்கேயே விட்டுட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னாடி சைக்கிள் மாதிரி செயின் போட்டு இழுக்கிறது. செயின் தளர்ந்தா ஸ்டீயரிங் லூஸாகும். அறுந்தா? நேரா புளியமரம்தான்.

ஆர்.டி.ஓ. என்ன சொல்றார்?

'நாமளே ஒரு காரைப் புடிச்சு மாத்திடலாமா?'ன்னு கேட்கிற மெக்கானிக்கல் மக்களே, சட்டத்தையும் கொஞ்சம் படிச்சுக்குங்க.

* மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 120: இடது பக்க ஸ்டீயரிங் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டணும்னா, விதிப்படியான சிக்னல் கருவி வேலை செய்யற நிலையில் இருக்கணும்.

* பிரிவு 52: ஆர்.சி.யில் இருக்கிற விவரங்கள் கம்பெனியின் ஒரிஜினல் அமைப்பிலிருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு.

* 2021-ல் வந்த விண்டேஜ் விதி: 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தினசரி ஓட்டவும் முடியாது.

அதனால ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்துப்பூர்வமா கேட்காம ஸ்பேனரைத் தொடாதீங்க.

மாத்தலாமா, வேண்டாமா?

மெர்சிடிஸ் 300 எஸ்.எல். 'கல்விங்' தெரியுமா? பறவை இறக்கை மாதிரி கதவு மேலே திறக்குமே, அதேதான். 1954 முதல் 1957 வரை மொத்தமே 1,400 கார்கள். கம்பெனி வலது பக்க ஸ்டீயரிங்கில் அதைச் செய்யவே இல்லை. அதை மாத்துறது பழைய கோயில் சிலைக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. லட்சக்கணக்கில் பிறந்த எம்.ஜி.பி. கதை வேற. அதைத் தினமும் ஓட்ட நினைக்கிற பிரிட்டன்காரர், ஒரிஜினல் பார்ட்ஸ் போட்டு முழுசா மாத்திக்கிறதில் நியாயம் இருக்கு. அரிய வண்டின்னா கை வைக்காதே, ஓட்டுற வண்டின்னா முழுசா மாத்து, அரைகுறை மட்டும் ஆகவே ஆகாது. என் ஓட்டு இதுக்குத்தான்!

நம்ப முடியலையா? உங்க காலேஜ் ஆட்டோமொபைல் லேபில் ரேக் அண்ட் பினியன் மாடல் ஒண்ணு தூசி படிஞ்சு கிடக்கும். அடுத்த பிராக்டிகல்ல அதைப் புரட்டிப் போட்டு, பினியனை வலது பக்கம் சுத்துங்க. ரேக் எந்தப் பக்கம் ஓடுதுன்னு நீங்களே பார்த்துட்டு, 'செயின் போட்டுக்கலாம் மச்சி'ன்னு சொல்ற ஃப்ரெண்டையும் கூப்பிட்டுக் காட்டுங்க!